இருபது பாகம் தள்ளி

பிப்ரவரி 5, ஞாயிறு

பூசை முடிந்ததும் சங்கக் கட்டடத்தில் சீட்டுப் போட்டார்கள். எனக்குக் கடைசி வரிசை. போன தடவையும் கடைசி, அதற்கு முந்தின தடவையும் கடைசி. ஆண்டவர் என் பெயரை அங்கேயே பச்சை குத்திவிட்டார் போலிருக்கிறது. முதல் வரிசை ரெஜினாவுக்கு விழுந்தது. சீட்டைப் பிரித்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள், அதுவும் என்னைப் பார்த்தபடியே.

வரிசை என்றால் இதுதான். எங்கள் ஆவாரந்துறைக் கடலில், இரண்டு ஆள் ஆழத்தில், சங்கத்தின் மீன்கூண்டு மிதக்கிறது. உள்ளே கடல்விரால். கூண்டுக்கு வடக்கே மூங்கில் மிதவைகளில் நாங்கள் நாலு பெண்கள் பாசி வளர்க்கிறோம். ஆளுக்கு எட்டு மிதவை, ஆளுக்கொரு வரிசை. பக்கத்தில் கயிறுகளில் சிப்பி தொங்குகிறது. மீன் தின்று கழிப்பது பாசிக்கு உரம். மிச்சம் மீதியைச் சிப்பி வடிகட்டிக் குடித்துக்கொள்ளும். கூண்டுக்குப் பக்கத்து வரிசைக்குத்தான் சாப்பாடு நிறைய. கடைசி வரிசைக்கு வாசனைதான்.

அதனால்தான் சீட்டு. விழுந்த இடத்தை அறுப்பு வரைக்கும் மாற்றுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சொல்கிறோம். இன்றைக்கும் சொன்னோம்.

பிப்ரவரி 8, புதன்

ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து தமயந்தி மேடம் வந்து வகுப்பு எடுத்தார். நல்ல பெண், ஆனால் எங்களைப் பார்த்தால் அவருக்குக் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. எங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சொன்னது: கூண்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே இருபது பாகம் இடைவெளி வேண்டும், இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். மற்ற மூன்று பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வந்து வெளியே போக வழி வேண்டுமாம். பாசி பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குக் காற்று விடும். இருட்டினால் அதுவும் நம்மைப் போலக் காற்றை இழுக்கும். "அப்ப பாசிக்குக் குறட்டையும் வருமா மேடம்?" என்று ரெஜினா கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

பத்தாவது வரை படித்த பாவத்துக்கு ஆபீஸ் நோட்டு எழுதும் வேலை மறுபடியும் என் தலையில். தினமும் மூன்று கட்டம்: தண்ணீர் நிறம், செத்த மீன், மிதவை தூரம். அந்த நோட்டு அலமாரியில் இருக்கிறது. இது என்னுடையது, அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும்.

பிப்ரவரி 11, சனி

முழங்கால் வலி. கொச்சியிலிருந்து சூசை போன் செய்தார். விசைப்படகில் அவருக்கும் இடுப்பு வலியாம். ஆளுக்கொரு வலியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டோம். இருபது வருஷக் கல்யாணம்.

பிப்ரவரி 15, புதன்

என் வரிசையில் ஓரா மீன் கூட்டமாக வந்து இறங்கியிருக்கிறது. மூன்று மிதவையில் இளங்குருத்தை எல்லாம் ஆடு மேய்ந்த மாதிரி மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. வலை கட்டித்தான் இருந்தேன். வெளி வரிசைக்கு இதுவும் ஒரு வரம். காலையிலிருந்து மதியம் வரை தண்ணீரில் மிதவையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கிழிந்த இடத்தைத் தைத்தேன். உப்பு ஏறி விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது.

இன்னாசி வந்து மூன்று கயிறு கட்டிக் கொடுத்தான். சூசையின் தம்பி, என் கொழுந்தன். கூண்டு அவன் பொறுப்பில் இருக்கிறது. இரை போடுவது, வலை தேய்ப்பது, முங்கிப் பார்ப்பது எல்லாம் அவன்தான். குடியை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. அவனிடம் கூண்டைக் கொடுக்க சங்கத்தில் யாருக்கும் மனசில்லை. நான்தான் எழுந்து நின்று, "அவன் பாத்துக்குவான், நான் பொறுப்பு" என்றேன். அவன் பெண்டாட்டி விக்டோரியா தொண்டியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஒரு வருஷம் தொடாமல் இருந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் மூன்று மாதம்.

நான் கட்டும் முடிச்சைப் பார்த்து இன்னாசிக்கு எப்போதும் சிரிப்பு. நான் நொட்டாங்கைக்காரி. என் முடிச்சு எல்லோருடையதற்கும் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு போகும், வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. "பூட்டே வேணாம் மதினி, நீங்க ஒரு முடிச்சுப் போட்டாப் போதும்" என்றான். வழக்கம்போல என் வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன்

சாம்பல் பூசிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போனோம். ரெஜினா தன் மிதவையைத் தூக்கிக் காட்டினாள். பதினைந்து நாள் பாசி மாதிரியா இருக்கிறது? ஒவ்வொரு கொத்தும் இரண்டு கை கொள்ளாது. என்னுடையது சிறுத்து, நுனி வெளுத்து, பார்க்கவே சங்கடம். "உனக்கு ராசி இல்ல அமலி" என்றாள். ராசியாம். அவளை விட ஒரு மணி நேரம் முன்னால் நான் தண்ணீரில் இறங்குகிறேன்.

நாற்பத்தாறு வயதாகிறது. சலித்துப்போய்விட்டது.

பிப்ரவரி 25, சனி

இன்னாசி இரை மீன் வாங்க இறங்குதுறைக்குப் போயிருந்தான். தெர்மாகோல் தெப்பத்தில் போய் இரண்டு மிதவையைக் கொஞ்சம் இடம் மாற்றினேன். ஓரா மேய்ந்த மிதவைகள்தான். கொஞ்ச நாள் தேறட்டும் என்று.

நோட்டில் மிதவை தூரம்: சரி.

பிப்ரவரி 27, திங்கள்

மீதி ஆறையும் கொண்டுவந்துவிட்டேன். கூண்டின் கிழக்குப் பக்கம், மேலே மிதக்கும் வளையத்திலேயே கயிற்றைப் போட்டுக் கட்டினேன். கை நீட்டினால் கூண்டு வலையைத் தொடலாம். தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது.

இன்னாசி பார்த்துவிட்டான். "மதினி, இது தண்ணி போற வழியாச்சே" என்றான்.

"ஒரு பக்கம்தானப்பா. மத்த பக்கமெல்லாம் திறந்துதான கிடக்கு. அறுப்பு முடிஞ்சதும் எடுத்துருவேன்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "நீங்க சொன்னாச் சரி" என்று வலை தேய்க்கப் போய்விட்டான். என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டான்.

மார்ச் 4, சனி

ரெஜினா சும்மா இருப்பாளா? அவள் எட்டு மிதவையும் இப்போது கூண்டுக்கு மேற்கே. "நீ வச்சா நான் வைக்கக் கூடாதா?" என்றாள். அவளைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் தெற்கேயும் வடக்கேயும் இழுத்துவந்துவிட்டார்கள். சீட்டு எதற்குப் போட்டோம் என்றே தெரியவில்லை. ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டோம். மேடத்துக்குத் தெரிந்தால் கத்துவார். மாதம் ஒரு தடவைதானே வருகிறார், வருவதற்கு முன்னால் போனும் செய்வார்.

தூரம்: சரி.

மார்ச் 9, வியாழன்

என் பாசி தேறிவிட்டது. தேறியது என்றால் அப்படியொரு தேறல். பழுப்புக் கொத்து கொத்தாக, கயிறே தெரியவில்லை. மூன்று வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. தெப்பத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, எழுதினால் என்ன.

மார்ச் 13, திங்கள்

காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கிறது. வெயில் தாங்கவில்லை. இன்னாசி இரை போட்டால் மீன் சரியாக எடுக்கவில்லை என்றான். "மதினி, ஒரு பக்கமாவது தள்ளிக் கட்டிருவோமா?" என்று கேட்டான். அறுப்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, அதற்குள் என்ன என்றேன். எனக்கு நிமிரவே முடியாத இடுப்பு வலி. வடாம் பிழிந்தேன்.

தூரம்: சரி.

மார்ச் 16, வியாழன்

விடிந்தும் விடியாமலும் இன்னாசி வாசலில் வந்து நின்றான். மேலெல்லாம் ஈரம். "மதினி, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது, வாங்க" என்றான். அவன் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

போய்ப் பார்த்தபோது கூண்டுக்குள் தண்ணீர் தெரியவில்லை, வாய்தான் தெரிந்தது. ஒவ்வொரு மீனும் ஒரு கை நீளம் இருக்கும். எட்டு மாதம் அவன் தன் கையால் இரை போட்டு வளர்த்த மீன். பாதி அதற்குள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னாசி குதித்தான். என் மிதவைக் கயிற்றைப் பிடித்து இழுத்தான், முடிச்சு அவிழவில்லை. "மதினி, உங்க முடிச்சு! உங்க முடிச்சு!" என்று கத்தினான். எனக்குக் கை ஓடவில்லை. தெப்பத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவன் இடுப்புக் கத்தியை எடுத்து அறுத்தான். ஒவ்வொரு கயிறாக அறுத்து, மிதவைகளைக் காலால் உதைத்துத் தள்ளி, கிழக்குப் பக்கத்தைத் திறந்துவிட்டான். சூரியன் நன்றாக ஏறின பிறகுதான் மிச்ச மீன் உள்ளே இறங்கியது.

செத்தது முந்நூற்று நாற்பது. ஒவ்வொன்றாக அவன்தான் தூக்கிப் படகில் அடுக்கினான்.

நோட்டில் செத்த மீன்: 340. மற்ற கட்டங்களை எழுதவில்லை. அப்புறம் எழுதுவேன்.

மார்ச் 17, வெள்ளி

நாளைக்கு மேடம் வருகிறாராம். அதனால் மிதவைகளை எல்லாம் ஒழுங்குபடுத்தினோம். நாலு வரிசையும் வடக்கே, சீட்டு விழுந்தபடி. நாலு பேருமாகச் சேர்ந்து மதியத்துக்குள் முடித்துவிட்டோம். இன்னாசி கூண்டு வளையத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கரைக்கு வந்ததும் ரெஜினா, "யாரும் எதையும் உளறாதீங்க" என்றாள். நான் துணி துவைக்க வேண்டியிருந்தது.

தூரம்: சரி. நேற்றைய கட்டத்திலும் சரி என்று போட்டுவிட்டேன்.

மார்ச் 18, சனி

மேடம் ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். உச்சி வெயில். "ஆக்ஸிஜன் நல்லா இருக்கே" என்றார். திரும்ப ஒருமுறை விட்டுப் பார்த்தார். மிதவைகளைப் பார்த்து, "இடைவெளியும் சரியாதான் இருக்கு" என்றார். என் நோட்டை வாங்கிப் புரட்டினார். எல்லாம் சரி, சரி, சரி.

சங்கத் தலைவர் மோட்சம் அண்ணனும் படகில் வந்திருந்தார். "தண்ணியில கோளாறு இல்ல, மிதவையில கோளாறு இல்ல. அப்ப வேற எங்க கோளாறு?" என்றார். பிறகு இன்னாசியைப் பார்த்து, "கெட்டுப்போன இரை கிரை போட்டியா? இல்ல போடவே மறந்து படுத்துக்கிட்டியா?" என்றார்.

குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டானா என்று அவர் கேட்காமல் கேட்டது எல்லோருக்கும் புரிந்தது.

இன்னாசி என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "தெரியலண்ணே" என்றான்.

மார்ச் 20, திங்கள்

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

மார்ச் 22, புதன்

அறுப்பு. எட்டு மிதவையும் நல்ல கனம். காய வைக்க மணலில் இடம் போதவில்லை. ரெஜினாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் தூக்க முடியவில்லை.

மூன்று நாளாக இன்னாசி கஞ்சிக்கு வரவில்லை.

மார்ச் 23, வியாழன்

விக்டோரியா போன் செய்தாள்.

எப்போதும் "சாப்பிட்டீங்களா அக்கா" என்று ஆரம்பிப்பவள், இன்றைக்கு நேராகக் கேட்டாள். "அக்கா, இங்க வரைக்கும் பேச்சு வந்துருச்சு. குடிச்சிட்டுத்தான் மீனைச் சாகவிட்டாருன்னு. நான் யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். நீங்க சொன்னா நம்புவேன். குடிக்கிறாரா?"

அடுப்பில் பால் இருந்தது. பொங்குகிற நேரம்.

"எனக்குத் தெரியாது விக்டோரி" என்றேன்.

"உங்களுக்கே தெரியாதா அக்கா" என்றாள். வைத்துவிட்டாள்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. தீய்ந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

மார்ச் 24, வெள்ளி

சிலுவைப் பாதை. பதினான்கு தலமும் முட்டி போட்டேன், முழங்கால் போய்விட்டது. பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, எல்லோரும் வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது.

மார்ச் 27, திங்கள்

ரெஜினா வந்து சொன்னாள், "உன் கொழுந்தன் சாராயக் கடை வாசல்ல நின்னான், நானே பாத்தேன்." அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"வாங்குனானா?"

"நின்னான். வெகு நேரம் நின்னான். அப்புறம் போயிட்டான். இன்னைக்கு நின்னவன் நாளைக்கு வாங்காமலா இருப்பான்?"

அவள் போன பிறகு பாசி கிளறப் போனேன். கிளறிக்கொண்டே இருந்தேன். வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்து மணலில் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. அவன் குடித்துவிடுவான் என்று பயம். இல்லை, இதைச் சரியாக எழுத வேண்டும். அவன் குடித்துவிட்டால் எனக்கு லேசாகிவிடும் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தது நான்தான். அதுதான் பயம்.

மார்ச் 30, வியாழன்

வரும் ஞாயிறு கூட்டமாம். கூண்டை வேறு ஆள் கையில் கொடுக்கப் போகிறார்கள்.

இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். பிப்ரவரி எட்டு. இருட்டினால் பாசியும் காற்றை இழுக்கும். என் கையெழுத்துதான். மேடம் உச்சி வெயிலில் அளந்தார், பாசி காற்று விடுகிற நேரம். அதுவும் மிதவைகள் தள்ளிப் போன பிறகு. விடியற்காலையில், முப்பத்திரண்டு மிதவையும் கூண்டை நெருக்கிக்கொண்டு நின்றபோது அளந்திருந்தால் கருவியே சொல்லியிருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். பத்தாவது படித்திருக்கிறேன். தெரியாது என்று விக்டோரியாவிடம் சொன்னேனே, அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது?

மீனைக் கொன்றது நான். நான் ஆரம்பித்தேன், அவர்கள் பின்னால் வந்தார்கள். மூன்றாம் தடவையும் கடைசி வரிசை விழுந்ததில் வந்த ஆத்திரம். அவ்வளவுதான். இதைவிடப் பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

கையில் குருத்தோலையோடு எல்லோரும் சங்கக் கட்டடத்துக்கு வந்தார்கள். மோட்சம் அண்ணன் பேசி முடித்துவிட்டு, "இன்னாசி, நீ ஏதும் சொல்றதுன்னா சொல்லு" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே."

நான் எழுந்தேன். ரெஜினா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"மீனு செத்தது இவனால இல்ல. மிதவையக் கொண்டுபோயி கூண்டை ஒட்டி நான்தான் கட்டினேன். தண்ணி போக வழி இல்லாமப் போச்சு. மேடம் வர்றதுக்கு முந்தின நாள் எடுத்துட்டோம். நோட்டுல சரின்னு எழுதினதெல்லாம் பொய்."

மோட்சம் அண்ணன் ஓலையைக் கீழே வைத்தார். "அமலி, கொழுந்தனக் காப்பாத்தணும்னு பேசாத" என்றார். "அன்னைக்கும் நீதான பொறுப்புன்னு எந்திரிச்ச? இன்னைக்கும் அதே கதையா?"

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. உண்மையைச் சொல்ல இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"கயிறு அங்கதான் இருக்கு" என்றேன். "கூண்டு வளையத்துல என் முடிச்சு இருக்கு. அறுத்தது போக மிச்சம். போய்ப் பாருங்க."

இன்னாசி அப்போதுதான் நிமிர்ந்தான்.

படகில் போனோம். மோட்சம் அண்ணன், இன்னாசி, நான், ரெஜினா. வளையத்தின் கிழக்குப் பக்கம், ஒரு முழம் விட்டு ஒரு முழமாக எட்டு முடிச்சு. ஒவ்வொன்றிலும் அறுபட்ட நுனி தொங்கிக்கொண்டிருந்தது. மோட்சம் அண்ணன் குனிந்து ஒன்றை அவிழ்க்கப் பார்த்தார். நாற்பது வருஷம் கடலில் கயிறு பிடித்த கை. நகம்தான் உடைந்தது. "தள்ளுங்கண்ணே" என்று இடது கையால் நான் அவிழ்த்தேன். எட்டையும் அவிழ்த்தேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரெஜினாதான் கரை வரும்போது மெதுவாக, "மேற்கால என்னோடது, அண்ணே" என்றாள்.

கூண்டு இன்னாசியிடமே இருக்கும். மேடத்துக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். இனிமேல் ஒரு வருஷத்துக்கு எனக்குச் சீட்டில் பெயர் இல்லை, கடைசி வரிசைதான். நோட்டு எழுதும் வேலை மட்டும் என்னிடமே இருக்கட்டும் என்று மோட்சம் அண்ணன் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "இனிமே நீ பொய் எழுத மாட்ட" என்றார்.

இறங்கும்போது இன்னாசியிடம் கேட்டேன். "முடிச்சு உன் கண்ணு முன்னாலதான இத்தனை நாளா இருந்துச்சு? காட்டியிருக்கலாமே."

"காட்டியிருக்கலாம்" என்றான். "ஊரே என்னைக் குடிகாரன்னு சொன்னப்ப நீங்க ஒருத்தங்கதான மதினி சொல்லல."

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் விட முடியவில்லை. விக்டோரியா போன் செய்ததையும், நான் சொன்னதையும் சொன்னேன்.

அவன் துடுப்பைப் படகுக்குள் போட்டான். "அவகிட்டயா?" என்றான். அவ்வளவுதான். மணலில் நடந்து போய்விட்டான்.

ஏப்ரல் 3, திங்கள்

விக்டோரியாவுக்குப் போன் செய்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷம் ஆகட்டும்னு இருந்தேன். ஈஸ்டருக்கே வர்றேன்க்கா" என்றாள். "அவருக்காக வர்றேன். உங்களோட பேச எனக்குக் கொஞ்ச நாளாகும்."

ஆகட்டும் என்றேன். வேறு என்ன சொல்ல.

இன்றும் இன்னாசி கஞ்சிக்கு வரவில்லை. தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போனேன். வலை காய வைக்கிற கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் வாளி அப்படியே இருந்தது.

ஏப்ரல் 4, செவ்வாய்

வாளி காலியாக இருந்தது. கழுவி வைத்திருந்தான். ஆள் இல்லை.

ஏப்ரல் 5, புதன்

புது விதைப் பாசி கட்டினோம். இடுப்பு ஒடிந்துவிட்டது. மதியத்துக்கு மேல் நோட்டை எடுத்துக்கொண்டு தெப்பத்தில் போனேன். இடைவெளியை அளக்க வேண்டும். அளவுக் கயிறு வாங்கி வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. பாகத்துக்கு ஒரு முடிச்சு, இருபது முடிச்சு. ஒரு நாளும் எடுத்ததில்லை. பிறகுதான் உறைத்தது, ஒரு ஆளாக அளக்க முடியாது. ஒரு முனையைக் கூண்டில் யாராவது பிடித்தாக வேண்டும்.

இன்னாசி வளையத்தில் உட்கார்ந்து வலை தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. எந்த வாயால் கூப்பிடுவது? கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே மிதந்துகொண்டிருந்தேன். மிச்ச மீன் கூண்டுக்குள் சுற்றுகிற சத்தம் கேட்டது.

பிறகு அவன் தேய்க்கிற பிரஷைக் கீழே வைத்தான். என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினான். கயிற்று நுனியை வீசினேன். பிடித்துக்கொண்டான். நான் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு முதல் வரிசைப் பக்கமாகப் போனேன். கயிறு என் மடியிலிருந்து ஒவ்வொரு முடிச்சாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் எண்ணினான், சத்தமாக. மூன்று நாளில் நான் கேட்ட அவன் குரல் அதுதான். பதினெட்டில் கயிறு முதல் மிதவையைத் தொட்டுவிட்டது.

"ரெண்டு பாகம் குறையுது மதினி" என்றான். "தள்ளிக் கட்டுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

தள்ளிக் கட்டினேன். நோட்டில் எழுதியது: மிதவை தூரம், இருபது பாகம். அளந்தது.